செக்குபந்தி

பள்ளத்தூர் ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
ஊருக்கு வடக்கே கண்மாய்க் கரையில் ஒரு கல் உண்டு;
இந்தப் பக்கம் ராமநாதபுரம் ஜில்லா,
அந்தப் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம்
என்று எழுதியிருந்த கல்.
கரையான் விட்டுவைத்த பழைய டைரியில்
ஏட்டு ஒருவர் எழுதியிருக்கிறார்:
‘திருடன் கல்லைத் தாண்டிவிட்டான்.
தாண்டியபின் உட்கார்ந்து வெற்றிலை போட்டான்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.’
அவனை ஒப்படைக்கக் கேட்டுத் திவானுக்குப் போன கடிதம்
பதினோரு மாதம் கழித்துத் திரும்பியது,
முத்திரை தலைகீழாக இருக்கிறதென்று.

இப்போது அந்தக் கல்லில் மாடுகள் முதுகு சொறிகின்றன.

மாசிக் கடைசியில் உமையாள் ஆச்சி வந்தார்.
பேங்க் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.
மும்பை போலீஸ் என்று சொன்னவன்
மூன்று நாள் செல்போன் முன்னால் உட்காரவைத்து
பதினாலு லட்சம் வாங்கிவிட்டான்.
காக்கிச் சட்டை, பின்னால் கொடி,
சுவரில் எங்கள் ஸ்டேஷனில் இல்லாத நல்ல கடிகாரம்.
‘எப்படி நம்பினீங்க?’ என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘மூணாம் நாள் எனக்கு அழுகை வந்துருச்சு.
அவன் இங்கிலீசை விட்டுட்டு, மெதுவா,
அழாதீக ஆச்சின்னான்.’

என் மேசை இழுப்பறையில்
அதற்கு ஒன்பது நாள் முந்திய மனு.
நேமத்தான்பட்டி பஞ்சவர்ணம்,
மகன் சேவுகமூர்த்தி, வயது இருபத்துமூன்று, கேட்டரிங் படிப்பு.
பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று
ஏஜென்ட் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறான்.
கடைசிச் செய்தி: ‘ராத்திரி ஒரு ஆத்தத் தாண்டுனோம்மா.
எந்த ஊருன்னு தெரியல. சோறு போடுறாக.’
அதன் பிறகு ஒரு படம் மட்டும்.
ஒரு முதுகு.

அழைப்பு எங்கிருந்து என்று சைபர் பிரிவு கண்டு சொன்னது.
ஆச்சியிடம் சொன்னேன், பர்மா எல்லை என்று.
‘பர்மாவா?’
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.
‘எங்க அப்பச்சி ரங்கூன்லேருந்து வர்றப்ப
வேட்டி மடிப்புல வைரத்த வச்சுத் தச்சுக்கிட்டு வந்தாக.
அங்க அது கடத்தல்.
இங்க அது எனக்குச் சீர்.’
பிறகு, ‘இத எழுதாதீக’ என்றார்.

இரண்டு மனுவும் ஒரே தபால் பையில் போயின.
சிவகங்கை, சென்னை, டெல்லி,
அங்கிருந்து பிரான்சில் ஒரு கட்டிடம்,
அங்கிருந்து ஓர் அரசாங்கம்;
அந்த அரசாங்கத்தின் கை
அந்த ஆற்றங்கரை வரை எட்டாதாம்,
அங்கே துப்பாக்கி வேறு ஆட்களிடம் இருக்கிறதாம்.
ஒரு தாள் ‘பிடித்துக் கொடு’ என்கிறது.
ஒரு தாள் ‘மீட்டுக் கொடு’ என்கிறது.
வெவ்வேறு பிரிவு, வெவ்வேறு மாடி.
இருவரும் ஒருவன்தானோ என்று எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
எனக்கும் உறுதியாகத் தெரியாது.
இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்களோ.

பஞ்சவர்ணம் செவ்வாய்தோறும் வருகிறார்.
ஆச்சி ஒரு தடவை அவருடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
யாரென்று நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது:
‘புகாரில் கண்ட “அழாதீக” என்ற சொல்
எம்மொழி? விளக்கம் அளிக்கவும்.’

தமிழ்தான் என்று எழுதினேன்.
மரியாதைப் பன்மை என்று எழுதினேன்.
போதவில்லை.
கிரயப் பத்திரத்தில் நிலத்துக்கு எழுதுவதுபோல் எழுதினேன்.
மேற்படி சொல்லுக்குச் செக்குபந்தியாவது:
வடக்கே வெள்ளாறு,
தெற்கே வைகை,
மேற்கே பிரான்மலை,
கிழக்கே கடல்.

கடல் என்பதை அடித்துவிட்டு,
கிழக்கு எல்லை தெரியவில்லை
என்று திருத்தி,
ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.